எட்டு மாதத்து உறுதிகள்

அண்ணையின் சுட்டுவிரல் கீபோட்டுக்கு மேல் அசையாமல் நின்றது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு கேள்வி: இந்த டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா? அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "தங்கச்சி, ஒருக்கா யோசியும்," என்றார். "யோசிச்சாச்சு அண்ணை, அடியுங்கோ," என்றேன். அடித்தார்.

யாழ்ப்பாணத்தில், இடம்பெயர்ந்தவர்களின் காணி உறுதிகளை, அதாவது நிலப் பத்திரங்களை, படமெடுத்துப் பாதுகாக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்தோம். கணினிப் பிரிவுக்கு நான் பொறுப்பு; அவர் சேர்வரைப் பராமரிப்பவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பல்கலைக்கழகம் போகவேண்டிய வயதை இடம்பெயர்ந்தோர் முகாமில் கழித்ததால் அவரிடம் பட்டம் இல்லை. என்னிடம் இருந்தது. சேர்வரை இயக்கும் லினக்ஸ் மென்பொருளை அவர் தானாகவே படித்துக்கொண்டவர், என்னைவிட நன்றாகவே. மயிலிட்டிக்காரர். சனம் கொண்டுவரும் பழைய உறுதிகளைத் தொடுமுன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்வார். "அவையளிட்டை மிஞ்சினது உதுதான்," என்பார்.

சேர்வரில் இருந்த லினக்ஸ் பழசாகி, பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோயிருந்தது. கொழும்பிலிருந்து பார்வையிட ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் புதிய பதிப்புக்கு மாற்றவேண்டும் என்றார் நிறுவனத்தின் பணிப்பாளர். அண்ணை ஒரு நாள் அவகாசம் கேட்டார். "பக்கப்பை வேறை மெசினிலை திருப்பிப் போட்டுப் பாத்திட்டுத் தொடங்குவம். எல்லாம் திரும்பி வருதோ எண்டு நாங்கள் ஒருநாளும் பாக்கேல்லை." நான் மறுத்தேன். அந்தப் பக்கப்பை, அதாவது காப்பு நகலை, நாளாந்தம் வெளி டிஸ்க் ஒன்றுக்குத் தானாக எடுக்கும் நிரலை எழுதியவள் நான். ஒவ்வொரு நாளும் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று அது பதிந்துவைக்கும். பட்டமில்லாத ஒருவர் என் வேலையைச் சந்தேகிக்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. இன்று எழுதும்போது கூசுகிறது, அன்று கூசவில்லை.

மேம்படுத்தல் பாதியில் குழம்பியது. சேர்வர் மறுபடி எழும்பவில்லை. அண்ணை பதறவில்லை. வேறொரு டிஸ்க்கிலிருந்து அதை இயக்கி, உள்ளே கோப்புகள் அப்படியே இருப்பதை எனக்குக் காட்டினார். "எல்லாம் இருக்கு. எழும்புற பகுதிதான் பழுது. பின்னேரத்துக்குள்ளை சரிப்பண்ணிப்போடுவன்." பணிப்பாளர் இரண்டு தடவை கதவைத் திறந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை வருமுன் நான் சொன்னேன்: "அழிச்சிட்டுப் புதிசாப் போடுங்கோ. பக்கப் இருக்குத்தானே."

புதிய லினக்ஸ் அழகாக எழும்பியது. நகல்கள் இருக்கும் வெளி டிஸ்க்கைத் திறந்தோம். கடைசிக் கோப்புக்கு எட்டு மாத வயது. எட்டு மாதத்துக்கு முந்திய மின்வெட்டு ஒன்றின் பிறகு அந்த டிஸ்க் சேர்வரோடு இணையவே இல்லை. இணைந்திருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரியை நான் என் நிரலில் எழுதவில்லை. அதனால் அது சேர்வருக்குள்ளேயே, அதே பெயரில் கிடந்த வெறும் கோப்புறைக்குள் நகலெடுத்துவிட்டு, நாள் தவறாமல் வெற்றி என்று எழுதிக்கொண்டிருந்தது. நாங்கள் அழித்தது மூலத்தையும் நகலையும் சேர்த்துத்தான். கொழும்பில் மீட்கக் கொடுத்த டிஸ்க் வெறுமையாகவே திரும்பி வந்தது.

விசாரணை அறிக்கையை எழுதியது நான். 'காப்புப் பிரதியைச் சரிபார்க்காமல் சேர்வர் நிர்வாகி டிஸ்க்கை அழித்துள்ளார்.' கட்டளை அவருடைய பெயரில்தான் பதிவாகியிருந்தது. அந்த வசனத்தில் பொய் ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணை இரண்டு பக்கத்தையும் நிதானமாக வாசித்தார். "உம்மடை பேரை எங்கையும் காணேல்லை," என்றார். நான் மொனிற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அந்த எட்டு மாதத்துக்குள் உறுதி கொண்டுவந்தவர்களில் அநேகமானவர்கள் மூல உறுதியோடு திரும்பவும் வந்தார்கள், மறுபடி படமெடுத்தோம். தொண்டைமானாற்றில் வாடகை வீட்டிலிருந்த ஒரு அம்மா மட்டும் வெறுங்கையோடு வந்தார். மாரி வெள்ளத்தில் உறுதி கரைந்துபோயிருந்தது. காணிப் பதிவகப் பதிவேட்டிலும் அந்தப் பக்கங்கள் சண்டையோடு போய்விட்டன. "உங்களிட்டைப் படம் இருக்கெண்டுதான் பிள்ளை நான் அழேல்லை," என்றார். "முந்தி வேலை செய்தவர் அழிச்சுப்போட்டார் அம்மா," என்றேன். "ஆர், அந்த மயிலிட்டிப் பொடியனோ? எங்கடை ஊர்ப் பிள்ளையெல்லோ," என்றவர் எழும்பிப் போனார். அன்றே அண்ணையின் வீட்டு வாசலில் நின்று, அயலெல்லாம் கேட்கத் திட்டினாராம். அண்ணை தலைகுனிந்து நின்றாராம். பிறகு அந்தக் காணிக்கு வேறொருவர் உரிமை கோரினார். அம்மாவிடம் காட்ட ஒரு துண்டும் இருக்கவில்லை. அங்கே இப்போது அந்த ஆளின் மதில் நிற்கிறது.

போன மாதம் மயிலிட்டித் துறைமுகத்தில் அண்ணையைக் கண்டேன். படகுகளின் ஜிபிஎஸ் கருவிகளைத் திருத்துகிறார். தாடி நரைத்திருந்தது. மனப்பாடம் செய்துவைத்திருந்ததை ஒப்புவித்தேன்: பிழை என்னுடையது, பணிப்பாளரிடம் எழுத்தில் கொடுக்கப்போகிறேன், மன்னித்துவிடுங்கள். அவர் கையிலிருந்த வயரின் நுனியைச் சீவி முடித்தார்.

"எனக்குத் தெரிஞ்சதை எனக்கே ஏன் சொல்லுறீர்? அந்த மனிசிக்கு இன்னும் தெரியாது. அவவிட்டைப் போய்ச் சொல்லும்."

அந்த வீடு எனக்குத் தெரியும். சந்நிதிக் கோவிலுக்குப் போகும் வழியில்தான். நேற்றும் அதைத் தாண்டித்தான் வந்தேன். அம்மா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் ஸ்கூட்டியை நிறுத்தவில்லை.