கண்ணாடிக்காரரின் வலது கை

வெந்நீர்க் குவளையை வலது கையால் அணைத்தபடி சன்னலோரம் நிற்கிறார் கண்ணாடிக்காரர். குடிக்க அல்ல, கை சூடேற. பிறகு விரல்களை மடக்கி நீட்டுகிறார். முதல் தடவை மடங்கிய கை திறக்க நாலு எண்ணிக்கை ஆகிறது. பத்தாவது தடவைக்குள் எல்லோர் கையையும்போல் ஆகிவிடும். குளிர் நாளென்றால் இருபது. இது முடியாமல் அவர் வேலையைத் தொடுவதில்லை.

பிழைப்பு, சன்னலுக்குக் கண்ணாடி பொருத்துவது. ஆளைப் பார்த்தால் பயில்வான்தான், தோளும் புஜமும் அப்படி! ஆனால் இந்த வேலையில் தூக்குவது பெரிசில்லை, சமயத்தில் விடத் தெரிய வேண்டும். கண்ணாடி சட்டத்தில் உட்காரும்போது அடியில் விரல் இருந்தால் போச்சு. மறுமுனையைப் பிடிப்பவன் மைத்துனன். "மாமா, கை வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் தன் பக்கத்தை இறக்குவான். ஒரு தரம் கேட்க மறந்தான். இவருடைய மோதிர விரல் நகம் இன்றுவரை கோணல். முதலாளிக்கு இதெல்லாம் தெரியாது.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். இறுகு என்று மூளையிலிருந்து உத்தரவு வந்தால் தசை இறுகுமாம். உத்தரவு நின்ற பிறகும் இவர் தசைக்குள் அந்த உத்தரவின் துடிப்பு அடங்குவதில்லை, அதனால் தளரத் தாமதம். உயிருக்கு ஒன்றுமில்லை என்றார். இவரும் தலையாட்டினார். கடைசியில், பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், மனுஷனுக்கு அன்றோடு நிம்மதி போயிற்று.

மகளுக்கு ஐந்து வயது. காலையில் பென்சில், மத்தியானம் சீப்பு, சாயங்காலம் பந்து என்று எதையாவது நீட்டி, "கெட்டியா பிடி... ம், இப்ப விடு" என்பார். விளையாட்டாம்! "குழந்தையைச் சும்மா இருக்க விடுங்களேன்" என்று மனைவி சலித்துக்கொள்வாள். அவள் கண்ணும் அந்தக் குட்டி விரல்கள் மேல்தான் இருக்கும். இதுவரை அவை சுணங்கியதில்லை. ஆனால் நாளைக்கு? பாழாய்ப்போன அந்த நாளைதான் அவரை அரித்துத் தின்கிறது.

இன்று நல்ல குளிர். பள்ளிக்கூடம் வரை இருவரும் கையைக் கோத்துக்கொண்டு நடந்தார்கள். வாசலில் மணி அடித்தது.

"விடு கண்ணு" என்றார்.

கை பிரியவில்லை. ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினார். மூன்று. இவளுக்குமா? நான்கு. மற்ற பிள்ளைகள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"நான் எப்பவோ விட்டுட்டேன்ப்பா" என்றாள் மகள். "நீங்கதான் விடலை."

பழகியவள்போல் அவர் பிடிக்குள்ளிருந்து தன் கையை நெளித்து உருவிக்கொண்டு ஓடினாள். படியேறித் திரும்பி, ஐந்து விரலையும் விரித்து ஆட்டினாள். அவரும் கையை உயர்த்தினார், மூடியபடியே.