ஒரு இழுப்பு

குளுவாங்கில் ஒரு கிளினிக்குக்கு நெட்வொர்க் கேபிள் போட்டுக்கொண்டிருந்தோம். எட்டுக் கம்பிகளையும் நிற வரிசைப்படி கனெக்டருக்குள் நுழைத்து, கிரிம்பரால் அழுத்தி, ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

"டெஸ்டர்ல எட்டு லைட்டும் எரியுது லா. இன்னும் எதுக்குக்கா இழுக்கிறீங்க?" என்றாள் கூட வேலை செய்யும் தேவி.

அது அம்மாவின் பழக்கம். கூலாய் பக்கம் ஒரு ஃபேக்டரியில் அவர் நாள் முழுக்க கேபிளுக்குக் கனெக்டர் மாட்டினார். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துத்தான் பெட்டியில் போடுவார். வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. சடை பின்னி முடித்தால் ஒரு இழுப்பு, என் பள்ளிப்பையின் வாரில் ஒரு இழுப்பு. கிட்டே வந்தால் புது பிளாஸ்டிக் வாசம் அடிக்கும்.

எனக்கு ஒன்பது வயதில், லீவு முடிந்து அப்பா மறுபடி சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பினார். வாசலில் அம்மா அவர் பையின் வாரை இழுத்தார். அது கையோடு வந்தது.

"விடு லா, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார் அப்பா.

அம்மா ஊசியில் நூல் கோத்துத் தைத்தார். மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

அப்பா திரும்பி வரவில்லை. அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் இருந்ததும், அது அவர் கிளம்பும் முன்பே அம்மாவுக்குத் தெரியும் என்பதும் வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"தெரிஞ்சுமா தச்சுக் கொடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"வாரு பிஞ்சிருந்துச்சு," என்றார்.

தேவி சோதித்துக் கொடுத்த அடுத்த கேபிளை இழுத்தேன். கனெக்டர் கையோடு வந்தது. நுனியை வெட்டிவிட்டு, மறுபடி கம்பிகளை வரிசைப்படுத்தினேன்.