டப்பா மூடியில் ஒரு வெள்ளைக் கோடு

வியாழக்கிழமை காலை ரேடியேட்டரின் அடிக்குழாயிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்த, இன்ஜினைக் குளிர்விக்கும் பழைய கூலண்ட், வாளி பாதி நிறைவதற்குள் நின்றுபோனது. வண்டிக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து கிடந்த சந்திரம்மாள், மெல்லிய கம்பி ஒன்றைக் குழாய்க்குள் விட்டு நெம்பினாள். துருநிறத் தண்ணீர் குபுக்கென்று பாய்ந்தது. அதோடு கறுப்பாக ஏதோ ஒன்று அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. துருப்பிடித்த ஆணித்துண்டு என்றுதான் முதலில் நினைத்தாள். கழுவிப் பார்த்தாள். தலையும் காம்புமாக ஒரு கிராம்பு.

"டேய் வளவா!"

தம்பி வளவன் டீ டம்ளரும் கையுமாக வந்து குனிந்து பார்த்தான்.

"இன்ஜின் தண்ணிக்குள்ள கிராம்பு எப்படிடா வரும்? உள்ள பிரியாணி கிண்டுனியா?"

முப்பத்தேழு வயது ஆண்பிள்ளை, டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்படிப் பார்த்தாலே ஏதோ செய்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பிலிருந்து தெரியும்.

"போன பங்குனியில அகோபிலம் போனோம்லக்கா. வழியில கூலண்ட் குறைஞ்சிருக்குன்னு லைட் எரிஞ்சுது. நம்ம வேதாந்தம் சார் சொம்புல தீர்த்தம் வச்சிருந்தார். 'காவேரித் தீர்த்தத்துக்கு மேல என்னடா இருக்கு, விடு'ன்னார். பெரியவரு சொல்றாரேன்னு..."

"எத்தனை சொம்பு?"

"ஒண்ணு."

"வளவா."

"மூணு."

சந்திரம்மாள் கிராம்பை ஒரு காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தீர்த்தத்தில் கிராம்பு, ஏலம், பச்சைக் கற்பூரம், துளசி எல்லாம் போடுவார்கள். வாய்க்கு மணமாக இருக்கும். இரும்புக்கு அப்படியா?

இரும்பைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தேறி மற்றதில் எல்லாம் தவறியவள், துவாக்குடியில் பாய்லர் குழாய் செய்யும் பட்டறை ஒன்றில் பதினேழு வருஷம் அளவு பார்க்கும் வேலையில் இருந்தாள். ஒரு நூல் கூடினாலும் குழாயைத் திருப்பி அனுப்புவாள். "பொம்பளைக்கு இவ்வளவு திமிரா" என்று சூப்பர்வைசர்கள் சொன்னார்கள். சொன்ன சூப்பர்வைசர்கள் நாலு பேர் மாறினார்கள், அவள் மாறவில்லை. சாதாரணத் தண்ணீரில் இருக்கும் உப்பும் சுண்ணாம்பும் குழாயின் உள்சுவரில் எப்படிப் படியும், படிந்த இடம் எப்படிச் சூடாகிப் பொத்துக்கொள்ளும் என்பதை அறுத்துப் போட்ட குழாய்களில் கண்ணால் பார்த்தவள்.

பட்டறை மூடிய வருஷம், அக்காவும் தம்பியும் சேர்ந்து இந்த வண்டியை வாங்கினார்கள். படப்பிடிப்புகளில் நடிகர்கள் உட்கார ஓடிக்கொண்டிருந்த பழைய டீசல் கேரவன். உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, கடைசியில் குளியலறை. குளியலறைத் தொட்டியைச் சுற்றி ஓடும் கூலண்ட் குழாயின் சூட்டிலேயே, தண்ணீரில் கலக்காமல், வெந்நீர் வரும். யாத்திரைக்கு வண்டியை வாடகைக்கு எடுக்கும் ஸ்ரீரங்கத்துப் பெரியவர்களுக்கு அந்த வெந்நீர் ஒன்றே போதும். வழியில் எங்கே நிறுத்தினாலும் குளித்துவிட்டு நேரே சன்னிதிக்குப் போகலாம்.

வெள்ளிக்கிழமை புறப்பட வேண்டிய பயணமும் அப்படித்தான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வேதாந்தமும் அவர் மனைவி கோதைநாயகியும் கேரளத்து மலைநாட்டுத் திருப்பதிகள் பதின்மூன்றும் சேவிக்கக் கிளம்புகிறார்கள். மாமிக்கு இடுப்பு எலும்பு முறிந்து, கம்பி வைத்து ஏழு மாதம்தான் ஆகிறது. காரில் ஒரு மணி நேரம் உட்கார முடியாது. "மாமி, படுத்துக்கிட்டே போய்ப் படுத்துக்கிட்டே வாங்க. வண்டி எங்கயும் நிக்காது, அதுக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தவள் சந்திரம்மாள். செங்கோட்டை தாண்டினால் ஆரியங்காவு மலைப்பாதை. ஏற்றத்தில் இன்ஜின் கொதித்து வண்டி நின்றால், எழுந்து நடக்க முடியாத ஒருத்தி நடுக்காட்டில் கட்டிலோடு கிடப்பாள்.

அதனால்தான் பழைய கூலண்டை முழுக்க எடுத்துவிட்டுப் புதுசு ஊற்ற அவள் வண்டிக்கு அடியில் படுத்தாள். முழுக்க என்றால் அவள் அகராதியில் முழுக்கத்தான். வடிந்ததை அளவு போட்ட கேன்களில் ஊற்றிப் பார்த்தாள். பத்து லிட்டர். வண்டியோடு வந்த புத்தகத்தில் பதினாலு என்று இருந்தது.

"மீதி நாலு எங்க?"

"ஆவியாப் போயிருக்கும்க்கா. விடுக்கா, மூடிட்டுப் புதுசை ஊத்துவோம்."

"ஆவியாப் போக இது ரசமா? பின்னாடி வெந்நீர் லைன்ல நிக்குதுடா."

கட்டிலுக்கு அடியில் பலகையைக் கழற்றி, குளியலறைக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளிப்பைத் தளர்த்தினாள். மூன்றரை லிட்டர் வந்தது, முன்னதைவிடக் கறுப்பாக. மீதி அரை லிட்டர் இன்ஜினின் மூலை முடுக்கில் தங்கியிருக்கும். அதைக் கழுவித்தான் எடுக்க வேண்டும். ஆறு தடவை நல்ல தண்ணீர் விட்டு, இன்ஜினை ஓட்டி, ஆறவைத்து, வடித்தாள். ஏழாவது தடவை பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள், வானம் தெரிந்தது. பழையதை ஒரு சொட்டுக்கூடத் தரையில் சிந்தவிடவில்லை. அது இனிக்கும். தெரு நாய் நக்கினால் செத்துப்போகும்.

சாயங்காலம் பாலக்கரையில் கிளமென்ட்டின் உதிரிப் பாகக் கடைக்குப் போனாள். கிளமென்ட் பார்த்த மாத்திரத்தில் பச்சை நிற கேனை எடுத்து மேசையில் வைத்தார்.

"பழசு பச்சைதானேக்கா? பச்சைக்குப் பச்சை. எடுத்துட்டுப் போங்க."

"நான் கலரைக் கேக்கல கிளமென்ட். நம்பரைக் கேட்டேன்." புத்தகத்தில் விரல் வைத்து, கூலண்டின் தரத்துக்குப் போட்டிருந்த இங்கிலீஷ் எழுத்துகளையும் எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். "இதே நம்பர் கேன்ல அச்சடிச்சு இருக்கணும்."

"எல்லாம் ஒண்ணுதான்க்கா. சாயம்தான் வேற."

"அதைத்தான் நானும் சொல்றேன். சாயத்தை எந்தக் கம்பெனிக்காரனும் எந்தக் கலர்லயும் போடுவான். ரெண்டு சேலை பச்சையா இருந்தா ரெண்டும் பட்டாயிடுமா?"

கடையில் நின்ற லாரி டிரைவர் ஒருவர் சிரித்தார். கிளமென்ட்டுக்கு முகம் சுண்டியது. "உங்களுக்கு வித்தா எனக்கு வாரம் பூரா தலைவலிக்கா" என்று முனகிக்கொண்டே பரணில் ஏறினார். கடைசி வரிசையில் தூசி படிந்து கிடந்த இளஞ்சிவப்பு கேனில் அந்த நம்பர் இருந்தது. தண்ணீர் கலக்காத அடர்த்தியான சரக்கு. சந்திரம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாள். தேதியையும் பார்த்தாள். அப்புறம்தான் பைக்குள் வைத்தாள்.

வீட்டில் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் சேர்த்துக் கலந்தாள். கழுவியபோது உள்ளே தங்கிய தண்ணீரையும் அந்தப் பாதியில் சேர்த்தே பார்த்தாள். பானெட்டுக்குள் இருந்த கூலண்ட் டப்பாவின் மூடியைத் திறந்து, மெல்ல மெல்ல ஊற்றினாள். வேகமாக ஊற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை காலை வளவன் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். காவிரிப் பாலம் தாண்டி மேலச் சித்திரை வீதியில் வண்டி நின்றபோது எட்டே முக்கால்.

வேதாந்தம் வாசலில் தயாராக நின்றிருந்தார். பன்னிரண்டு திருமண் பளிச்சென்று இருந்தது. கையில் செப்புச் சொம்பு, வாயில் துளசி.

"வா சந்திரா. ஒன்பதரைக்குக் கிளம்பிடலாம். பத்தரைக்கு ராகு காலம். முதல்ல அந்த மூடியைத் திற, பெருமாள் தீர்த்தம் துளி விடணும்."

"மூடியைத் திறக்க முடியாது சார்."

"ஏன்?"

"இன்ஜின் கொதிக்குது. இப்பத் திறந்தா உங்க மூஞ்சியில அடிக்கும். ரெண்டு மணி நேரம் ஆறணும். முதல் ஓட்டத்துல உள்ள இருக்கிற காத்து வெளியேறி மட்டம் இறங்கும். ஆறினதும் பார்த்து, குறைஞ்சதை ஊத்திட்டுத்தான் கிளம்பணும். மலை ஏறப் போறோம்."

"ரெண்டு மணி நேரமா? ராகு காலத்துல புறப்படச் சொல்றியா?"

"இல்லைங்க. பன்னெண்டுக்கு மேல புறப்படச் சொல்றேன்."

வேதாந்தத்தின் குரல் பள்ளிக்கூடத்துக் குரலாக மாறியது. "இதுக்கு முன்னாடி இதே வண்டியில நான் தீர்த்தம் விட்டேன். அகோபிலம் போய்ட்டு ஒரு குறையும் இல்லாம வந்தோமா இல்லையா?"

சந்திரம்மாள் இடுப்பிலிருந்த காகிதத்தைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினாள். "வந்தோம் சார். இதுவும் கூடவே வந்துச்சு. வடிகுழாயை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தது."

அவர் கிராம்பைப் பார்த்தார். அப்புறம் இன்னும் உரத்துப் பேசினார். "கிராம்பு போடாம சுத்தத் தீர்த்தமா விடறேன். ஒரு உத்தரணிக் கரண்டி அளவு. அதுக்கும் மாட்டேன்னா சொல்லு, நான் வேற வண்டி பார்த்துக்கறேன்."

வளவன் அக்காவின் முழங்கையைத் தொட்டான். "அக்கா, ஒரு உத்தரணிதானேக்கா. டப்பாவுல ஒரு சொட்டு. பெரிய டிரிப்புக்கா."

"நீ சும்மா இருடா. சார், தீர்த்தம் என் கைக்குக் குடுங்க, கண்ணுல ஒத்திக்கிட்டுக் குடிக்கிறேன். தலையில தெளிங்க, வண்டி மேல தெளிங்க, டயருக்கு டயர் தெளிங்க. இன்ஜினுக்குள்ள ஒரு சொட்டு போகாது. வேற வண்டி பார்க்கிறதுன்னா பாருங்க. சாவியை உங்க முன்னாடியே எடுத்துக்கிட்டு நடக்கிறேன். மாமியை மலையில நிறுத்திட்டு நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க மாட்டேன், அதுக்கு இப்பவே சண்டை போட்டுக்கிறேன்."

வீதியில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். வேதாந்தம் செல்போனை எடுத்தார். யாரைக் கூப்பிடுவது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே, வாசலில் நாற்காலியில் உட்காரவைத்திருந்த கோதைநாயகி பேசினாள்.

"ஏன்னா, ஒண்ணு கேக்கறேன். எனக்கு இடுப்புல கம்பி வெச்சாரே டாக்டர், அப்போ ஆபரேஷன் தியேட்டர்ல போய், நில்லுங்கோ, ஒரு உத்தரணி தீர்த்தம் உள்ளே விட்டுட்டுத் தையல் போடுங்கோன்னு சொன்னேளா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? அதுவும் இரும்பு, இதுவும் இரும்பு. அவர் கை கழுவிண்டு வெளியில நில்லுங்கோன்னார், நின்னேள். இவ சொன்னா மட்டும் நிக்க மாட்டேளா? ஒன்பதரைக்குப் போனாத்தான் பெருமாள் சேவை சாதிப்பாரா, பன்னெண்டரைக்குப் போனா கதவைச் சாத்திண்டு எழுந்து போயிடுவாரா? உள்ளே போய்த் தளிகையாவது கவனியுங்கோ. தயிர்சாதம் கட்டலை இன்னும்."

வேதாந்தம் சொம்போடு உள்ளே போனார். கதவு வழக்கத்தைவிடச் சத்தமாகச் சாத்திக்கொண்டது.

பதினோரு மணிக்கு மேல் சந்திரம்மாள் பானெட்டைத் திறந்து, துணி போட்டு மூடியைத் திருகினாள். மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. வளவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் தானாகவே கலவை கேனை எடுத்து வந்து கொடுத்தான். அரை லிட்டருக்கு மேலேயே குடித்தது. இன்ஜினை மறுபடி ஓட்டி, பின்னால் குளியலறைக் குழாயைத் திறந்தாள். முதலில் பச்சைத்தண்ணீர் வந்தது, அப்புறம் ஆவி பறக்க ஒரே சீராக வந்தது. சூடு குறையாததால், பின்னால் போகும் கூலண்ட் லைனிலும் காற்று இல்லை.

பிறகு பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பெயிண்ட் டப்பாவையும் தூரிகையையும் எடுத்தாள். பட்டறையில் தேறிய குழாய்க்கெல்லாம் அவள் போட்ட அடையாளம் அதுதான். கூலண்ட் மூடியிலிருந்து அந்த டப்பாவின் கழுத்து வரை ஒரே கோடாக இழுத்தாள். மூடியை யாராவது அசைத்தால் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். வேதாந்தம் சொம்போடு வந்து பின்னால் நிற்பது தெரிந்தும் திரும்பவில்லை. கோட்டை இன்னொரு தடவை கனமாக இழுத்தாள்.

"என்னை நம்ப மாட்டே, இல்லையா?"

"நான் என் தம்பியையே நம்பல சார்."

பன்னிரண்டு ஐந்துக்கு வளவன் வண்டியைக் கிளப்பினான்; சந்திரம்மாள் கூடப் போகவில்லை, வீதியில் நின்றாள். கட்டிலில் மாமி படுத்திருந்தாள். சொம்புக்குத் தலைமாட்டுப் பலகையில் ஒரு வளையம் மாட்டி, ஆடாமல் வைத்திருந்தாள் சந்திரம்மாள். வேதாந்தம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அவள் கையில் ஒரு உத்தரணி தீர்த்தம் விட்டார். அவளும் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தாள். கிராம்பு மணத்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு வளவனிடமிருந்து ஒரு படம் வந்தது. ஆரியங்காவு ஏறியாகிவிட்டது. கேட்காமலே மூடியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். கோடு உடையாமல் ஒரே கோடாகவே இருந்தது. சூட்டு முள்ளின் படம் அடுத்து வந்தது, நட்டநடுவில்.

"வெந்நீர்?" என்று கேட்டு அனுப்பினாள்.

பதிலுக்கு வந்த குரல் வளவனுடையது இல்லை. "பொள்ளறதுடியம்மா!" என்றாள் கோதைநாயகி. "கொஞ்சம் கம்மி பண்றதுக்கு வழி உண்டா?"

"பச்சைத்தண்ணி குழாய் பக்கத்துலயே இருக்கு மாமி. அதையும் திறந்து விளாவிக்குங்க" என்று சந்திரம்மாள் பதில் சொல்லிவிட்டு, பழைய கூலண்ட் கேன்களின் மூடிகளை இன்னொரு முறை இறுக்கப் போனாள்.