என் பட்டியலில் ஒன்பதாவது வரி

1. போன வருடம் ஜூன் மாதம், மழை தொடங்கிய வாரத்தில், கருங்கலில் உள்ள என் வீட்டில் ஒரு பட்டியல் போட்டேன். மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கிரீம், ஷாம்பு, எண்ணெய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பயன்படுத்தி மதிப்பெண் போடுவது என்று முடிவு.

2. ஒரு பொருளுக்குப் பத்து நாள்.

3. ஒன்பதாவதாக வந்த கிரீமுக்குப் பத்துக்குப் பத்து கொடுத்தேன்.

4. பட்டியலைத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

5. அதை நம்பி ஒருத்தி ஐந்து மாதம் அந்தக் கிரீமைப் பூசினாள்.

6. அவள் முகம் கெட்டது. வேலையில் அவள் நின்ற இடமும் போனது.

நடந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் எனக்கு வசதியாக இல்லாத விவரங்கள்.

நான் நாகர்கோவிலில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் எழுதிய நிரலில் தவறு கண்டுபிடிப்பது என் வேலை. தினமும் ஒரு மணி நேர பஸ், பஸ் முழுக்கப் புழுதி, வீட்டுக் குழாயில் உப்புத் தண்ணீர். சீப்பில் முடி கொத்தாக வந்தது, தாடையில் பரு நிற்கவே இல்லை. தோல் மருத்துவரிடம் போக நேரமும் இல்லை, மனமும் இல்லை. கடைக்குக் கடை ஒவ்வொருவர் ஒவ்வொன்றைச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த வழியில் ஒழுங்குபடுத்திப் பார்க்கலாம் என்று தோன்றியது.

மூன்றாவது வரி, பொடுகு ஷாம்பு: பொடுகு குறைந்தது, முடி வைக்கோல் ஆனது, ஐந்து மதிப்பெண். ஐந்தாவது, கற்றாழை ஜெல்: பாதி முகத்தில், பாதி தலையணை உறையில், நான்கு மதிப்பெண். இப்படியே போய் ஒன்பதாவதில் ஒரு சிறிய ட்யூப். மருந்துக்கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார். நான்காம் நாள் பரு வற்றியது. ஏழாம் நாள் பழைய கரும்புள்ளிகள் மங்கின. பத்தாம் நாள் அம்மா என் முகத்தைப் பார்த்து, "பிள்ளைக்கு இப்பம்தான் ஒரு தெளிச்சம் வந்திருக்கு" என்றாள். நான் பத்து எழுதினேன். என் விதிப்படி பதினோராம் நாள் ட்யூபை மூடி வைத்துவிட்டுப் பத்தாவது பொருளுக்குப் போனேன். எனக்கு ஒன்றும் ஆகாமல் போனதற்கு அது ஒன்றுதான் காரணம்.

அந்த ட்யூபின் மேல் சிவப்புக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று. நான் அதைப் படித்தேன். நம் ஊரில் காய்ச்சலோ வயிற்றுவலியோ, நேரே மருந்துக்கடைக்குப் போய்ச் சொல்லி மாத்திரை வாங்குவதுதான் வழக்கம். சீட்டு கேட்டால் அந்தக் கடைக்குப் பிறகு யாரும் போக மாட்டார்கள். அதனால் அந்த வரி என் கண்ணில் பட்டும் மனதில் ஏறவில்லை. விலை, அளவு, வாசனை, பலன் என்று பட்டியலில் எட்டுக் கட்டங்கள் இருந்தன. எச்சரிக்கைக்குக் கட்டம் இல்லை.

என் பட்டியலை நம்பிய அந்தத் தோழி என்னோடு பள்ளியில் படித்தவள். கோட்டாற்றில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. உள்ளாடைப் பிரிவில் தொடங்கி, நைட்டி, சுடிதார் என்று நகர்ந்து, நான்கு வருடத்தில் கல்யாணப் பட்டுப் பிரிவுக்கு வந்திருந்தாள். கடையில் அதற்கு மேல் ஒரு பிரிவு கிடையாது. மணப்பெண்ணின் தோளில் சேலையைப் போட்டு, கண்ணாடி முன் நிறுத்தி, கூடவே தானும் நின்று சிரிக்க வேண்டும். அவள் கன்னத்தில் லேசாக மங்கு, கருந்திட்டு மாதிரி, இருந்தது. என் பட்டியல் வந்ததும், "மக்கா, ஒம்பதாவது எங்க கெடைக்கும்?" என்று முதலில் கேட்டவள் அவள்தான். கடையின் பெயரைச் சொன்னேன்.

முதல் மாதம் அவள் முகம் பளிச்சென்று இருந்தது. அந்த நன்றிக்கு, தினமும் ஒன்றாகப் போகும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் விட்டுக் கொடுத்தாள். பிறகு மாஸ்க் போட ஆரம்பித்தாள்.

"ஏட்டி, இப்பம் எதுக்கு மாஸ்க்கு?"

"தூசி மக்கா."

நானும் விட்டுவிட்டேன். அலுவலகத்தில் ஒரு மென்பொருள் வெளியீடு முடிந்தால் அடுத்தது, யாரையும் நிமிர்ந்து பார்க்காத மாதங்கள் அவை. பிப்ரவரியில் ஒரு காலை, வெயில் அவள் பக்கம் அடித்தபோது, அவள் தாங்க முடியாமல் மாஸ்க்கைக் கழற்றினாள். இரண்டு கன்னமும் கன்றிச் சிவந்திருந்தன. தோல் மெலிந்து, உள்ளே நரம்பு சிவப்பு நூலாகத் தெரிந்தது. வாயைச் சுற்றிப் பொடிப் பருக்கள்.

"என்னத்தடி போட்ட?"

"நீ சொன்னதத்தான்." போனை எடுத்துக் காட்டினாள். என் பட்டியலின் படம். ஒன்பதாவது வரியைச் சுற்றி ஒரு வட்டம். "நிறுத்தினா ரெண்டாம் நாளே மொளவு அரைச்சு தேச்ச மாதிரி எரியும். திரும்பப் போட்டா அடங்கும். பிறவு எப்பிடி நிறுத்த?"

"கடையில ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லாம? கண்ணாடிப் பக்கம் நிக்காண்டாம், கல்யாணத்துக்கு எடுக்க வாறவங்க பயப்படுவாங்கன்னாரு சூப்பர்வைசர். இப்பம் குடோன்ல அட்டப்பெட்டி அடுக்குகேன். அங்க எனக்க மூஞ்சியப் பாக்கதுக்கு எலி மட்டும்தான் உண்டு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்தால் கன்னம் இழுத்து வலிக்கும் போல, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அன்றே விடுப்பு சொல்லிவிட்டு நாகர்கோவிலில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மருத்துவரம்மா ட்யூபை வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்தார். இதில் ஸ்டீராய்டு இருக்கிறது, சில வாரத்துக்கு மேல் போடவே கூடாது என்றார். இந்த மாதத்தில் இப்படி வரும் எத்தனையாவது முகம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன் என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது.

"யாரும்மா இதப் போடச் சொன்னது?"

"மெடிக்கல்ல குடுத்தாவ" என்றாள் தோழி.

நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். மருத்துவர் என்னையும் ஒரு தடவை பார்த்தார். நான் மடியிலிருந்த பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் வந்து நின்ற பிறகுதான் அவள் கேட்டாள். "ஏன் மக்கா டாக்டருக்க முன்ன ஒண்ணும் மிண்டாம இருந்த? நான் உன்னச் சொல்லல்ல. நீயே சொல்லுவன்னு பாத்தேன்."

 பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போனை எடுத்துக் குழுவில் எழுதினேன். ஒன்பதாவது வரி தவறு, நான் பத்து நாள் மட்டுமே போட்டுப் பார்த்துவிட்டு மதிப்பெண் கொடுத்தேன், யாரும் வாங்க வேண்டாம், போட்டுக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரிடம் போங்கள் என்று. இரண்டு பேர் கட்டை விரல் போட்டார்கள். மூன்றாவதாக ஒருத்தி கேட்டாள்: "தங்கச்சிக்கு நிச்சயம் வருது. பத்து நாள் மட்டும் போட்டா குழப்பமில்லதானே? எந்தக் கடை?"

நான் இன்னும் நீளமாக விளக்கம் எழுதத் தொடங்கினேன். தோழி எட்டிப் பார்த்தாள். "நீ எழுதி எழுதித்தான் இவ்வளவும்" என்றாள். மாஸ்க்கைக் கழற்றினாள். மாதக்கணக்கில் மாஸ்க்குக்குள் மறைத்து வைத்த முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, தன் போனில் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். கீழே ஒரே வரி: "இதுதான் ஒம்பதாவது. போடுகதுன்னா போடு."

அதற்குப் பிறகு யாரும் கடைப் பெயர் கேட்கவில்லை.  அந்தப் படத்தை நான் அவளிடம் கேட்டிருக்கவே முடியாது. அவளாகப் போட்டாள்.

மருத்துவர் சொன்னபடி அந்தக் கிரீமைப் படிப்படியாக மாற்றி நிறுத்திய ஐந்து வாரமும் அவளுக்கு மோசமாக இருந்தது. காலையில் கண் திறக்க முடியாத அளவு வீங்கும். குளிர்ந்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனாள். மருத்துவரிடம் அடுத்த முறை போனபோது, அந்தக் கிரீமைப் போடச் சொல்லிப் பட்டியல் போட்டது நான்தான் என்று சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு எழுதிக்கொண்டே இருந்தார். அவருக்கு அது புதிதில்லை.

இன்றைய நிலை இது. அவள் முகத்தில் சிவப்பு குறைந்துவிட்டது, நரம்புக் கோடுகள் முழுதாகப் போகவில்லை. கடையில் அவளைச் சுடிதார் பிரிவுவரை திரும்ப விட்டிருக்கிறார்கள், பட்டுப் பிரிவில் வேறொருத்தி நிற்கிறாள். என் பட்டியலை அழித்துவிட்டேன், ஆனால் அதன் படம் இன்னும் யார் யார் போனில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. என் தாடையில் பரு இப்போதும் வருகிறது. முகத்துக்கு என்ன போடலாம் என்று யாராவது என்னிடம் கேட்டால், அந்த நாற்காலியில் ஜிப்பைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்த நேரம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.