ஏலக்காய் மென்ற உதடு

தைராய்டை எடுத்த அறுவையில் அதை ஒட்டியிருந்த சின்னச் சுரப்பிகளும் செயலிழந்துவிட்டன. அதிலிருந்து என் ரத்தத்தின் கால்சியத்தை மாத்திரைதான் தாங்குகிறது. குறைந்தால் உதடு மரக்கும், விரல் இழுக்கும். கூடினால் சிறுநீரகத்துக்குக் கேடு. நடுவில் எங்கே நிற்கிறேன் என்று நாள் முழுக்க என்னையே கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்று ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு. மாமியாரும் நானும் கைக்குழந்தையோடு போடிமெட்டுக்கு ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். காலைச் சோற்றோடு மாத்திரை போட்டிருந்தேன். வளைவுகள் தொடங்கியதும் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. மாமியார் ஏலக்காய் உரித்து நீட்டினார்.

"மெல்லு தாயி, கொமட்டல் நிக்கும்."

மலையேறும்போது எங்கள் வீட்டில் எல்லாரும் மெல்வதுதான்.

மேகம் ஜீப்புக்குள்ளேயே வந்திருந்தது. மடியில் தூங்கிய மகளின் தலைமுடியில் சின்னச் சின்ன நீர்முத்துகள். என் உதடு மரத்தது. ஏலக்காயின் காரம் என்று நினைத்தேன். விரல்நுனியில் எறும்பு ஊர்ந்தது. குளிர் என்று நினைத்தேன். மாத்திரை வயிற்றில் தங்கியதா, வெளியே போனதா? இன்னொன்று போட்டால் கூடிவிடுமோ? கேள்விகள் பஞ்சு சுற்றியவைபோல வந்து போயின. பள்ளத்தில் மரங்கள் மிதந்துகொண்டிருந்தன.

திடீரென்று விரல்கள் தாமாகக் குவிந்தன. விரிக்க முடியவில்லை. மகள் மடியிலிருந்து சரிந்தாள்.

"அத்தை, பாப்பாவப் புடிங்க! வெரசா!"

மாமியார் அவளை வாரிக்கொண்டார். "என்னடி, கை கோழிக்கால் மாதிரி மடங்குது? ஏப்பா, வண்டிய நிப்பாட்டு!"

"வளைவுல நிப்பாட்டுனா எல்லாருமாப் பள்ளத்துலதான் ஆத்தா. அந்தா, மேல நிப்பாட்டுறேன்" என்றார் ஓட்டுநர்.

மேலே நின்றதும் மாமியார் என் பையைத் துழாவி மாத்திரையை வாயில் போட்டார்.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"ஏலக்கான்னு நெனச்சேன் அத்தை."

"ஏலக்கா என்னைக்குடி கைய முறுக்குச்சு?"

அதே ஜீப்பில் மலையடிவாரத்துப் போடிக்குத் திரும்பி இறங்கினோம். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள்; கால்சியம் மிகவும் இறங்கியிருந்தது. நரம்பு வழியே மெதுவாக மருந்து ஏற்றினார்கள். உடம்பெங்கும் இளஞ்சூடு பரவியது. விரல்கள் ஒவ்வொன்றாக, யாரோ உள்ளிருந்து திறப்பதுபோல, விரிந்தன.

குழந்தைக்காகக் கை நீட்டினேன். மாமியார் தரவில்லை. என் உள்ளங்கையை விரித்து, விரல்களை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் போகட்டும்."

எனக்கும் அதுவே சரியென்று பட்டது. மகளின் பாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.