ஊதாக் கதவு வீடு

போன சனிக்கிழமை பீன்யாவில் ஒரு வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வியர்த்தேன். ஏப்ரல் மாதம், பகல் பன்னிரண்டு மணி, தலைக்கு மேலே சிமென்ட் ஷீட். 'உங்களுக்கென்னம்மா, பெங்களூரே ஏ.சி. ஊரு' என்று இன்னமும் பாடிக்கொண்டிருக்கும் என் சென்னைச் சொந்தங்கள் ஒரு தடவை அந்த ஷீட்டுக்குக் கீழே வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அந்த வியர்வைக்கு வெயில் மட்டும் காரணமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சொல்கிறேன்.

எங்கள் சர்ச்சில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் திட்டம் ஒன்று உண்டு. கஷ்டப்படுகிற குடும்பத்துப் பிள்ளை ஒன்றின் படிப்பை நாம் ஏற்றுக்கொள்ளலாம். ஸ்கூல் ஃபீஸ், யூனிஃபார்ம், கிறிஸ்துமஸுக்குப் புது டிரெஸ். அந்தப் பிள்ளை நமக்குக் கடிதம் எழுதும். வருடத்துக்கு ஒரு நாள் ஸ்பான்சர்கள் எல்லோரும் போய் அவரவர் பிள்ளையின் வீட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டும். இந்த வருடம் எங்கள் பங்குக்குப் புதிதாக வந்தவள் ப்ரீத்தி. ஆறாம் வகுப்பு. அவள் போட்டோ எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் பால்காரர் கணக்குக்கும் கேஸ் புக்கிங் நம்பருக்கும் நடுவில் ஒட்டியிருக்கிறது. (பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப் போகப் புரியும்.)

இந்த முறை என் மகள் ரேச்சலையும் அழைத்துப் போனேன். பத்து வயது. தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைக்கிறாள். நல்ல ஷூவைப் பழசு என்று சொல்லி அழுகிறாள். "கஷ்டம்னா என்னன்னு ஒரு தடவை நேர்ல பாக்கட்டும்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். பிள்ளைக்குப் பாடம் நடத்த இன்னொருவர் வீட்டைக் காட்டப் போகிறோமே, அது சரியா என்ற கேள்வியெல்லாம் எனக்கு வரவில்லை.

செயினையும் வளையலையும் கழற்றி ஹேண்ட்பேக்குக்குள் போட்டேன். பீரோவில் இருப்பதிலேயே பழைய காட்டன் சேலையைத் தேடி உடுத்தினேன். இல்லாதவர்கள் வீட்டுக்குப் போகும்போது பகட்டு கூடாது அல்லவா? சிவாஜிநகரில் ப்ரீத்திக்கு வாங்கிய ஸ்கூல் பேக்கை எடுத்துக்கொண்டு ஆஸ்டின் டவுனில் ஆட்டோ பிடித்தோம்.

ப்ரீத்தியின் அம்மா ரோஸி வாசலிலேயே நின்றிருந்தார். கோலார் தங்கவயலில் பிறந்தவர். இப்போது ஓர் அபார்ட்மென்ட்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை. கணவர் பவுடர் கோட்டிங் கம்பெனியில் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்.

"வாங்க மேடம், குந்துங்க" என்று வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

முதலில் ஜெபம். அப்புறம் ப்ரீத்தி கைகட்டி நின்று மனப்பாட வசனம் சொன்னாள். ஸ்பான்சர் வந்தால் வசனம் சொல்ல வேண்டும் என்பது எழுதாத சட்டம். சொல்லி முடிப்பதற்குள் அவள் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. ரோஸி ஒரு நோட்டு அட்டையை எடுத்து எனக்கு விசிற ஆரம்பித்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

"பேஜார் பண்ணிக்காதீங்க மேடம். இங்க கொஞ்சம் சூடு ஜாஸ்தி."

பிள்ளைகள் இரண்டு பேரும் எதிர் வீட்டுக்கு ஓடிப்போய் ட்ரேயில் கூல் டிரிங்க்ஸ் கொண்டு வந்தார்கள். பல் கூசும் ஜில்லிப்பு. நான் என் வேலையைத் தொடங்கினேன் - ஃபாரம் நிரப்பும் வேலை. கமிட்டி கொடுத்தனுப்புகிற ஃபாரம் அது. 'வீட்டில் உள்ள பொருட்கள்' என்று ஒரு பகுதி. டிவி, ஃபேன், மிக்ஸி, ஃப்ரிட்ஜ், டூவீலர் என்று வரிசையாகக் கட்டங்கள்.

"எல்லாத்துக்கும் இல்லைன்னே போட்டுக்கோங்க மேடம்" என்றார் ரோஸி.

போட்டேன். ஷெல்ஃபில் ஒரு மிக்ஸி ஜார் மூடி மட்டும் தனியாக இருந்ததைப் பார்த்தேன். ஜன்னல் வழியாக உள்ளே வந்த கேபிள் ஒயர் முடிச்சுப் போட்டுத் தொங்கியதையும் பார்த்தேன். வாரா வாரம் 'கவனித்து' எழுதுகிறவள் அல்லவா நான்... இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றுமே யோசிக்காமல் டிக் அடித்தேன். மனசு மட்டும் கனத்துப் போயிருந்தது. ரேச்சலின் காதில், "பாத்தியா? ஒரு ஃபேன்கூட இல்ல. நீ ஏ.சி. இல்லாம தூங்க மாட்டேங்கற" என்று கிசுகிசுத்தேன்.

அவளுக்குக் கிசுகிசுக்கத் தெரியாது.

"ஃபேன் இருக்கும்மா! எதிர் வீட்ல வச்சிருக்காங்க. டிவி, மிக்ஸி எல்லாமே அங்கதான் இருக்கு. நாம போனதும் எடுத்துட்டு வந்துடுவாங்களாம். ப்ரீத்தி சொன்னா."

விசிறிக்கொண்டிருந்த அட்டை நின்றது. ப்ரீத்தி தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நிமிடம் ரோஸி என் காலடியில் உட்கார்ந்திருந்தார்.

"பேர மட்டும் அடிச்சிடாதீங்க மேடம். கையெடுத்துக் கும்பிடறேன். இவ நல்லா படிக்கறா மேடம்..."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மறைப்பானேன்? என்னை ஏமாற்றிவிட்டார்களே என்ற கோபம். "ஏன் ரோஸி இப்படி? நான் கேட்டனா ஃபேன் இருக்கா, டிவி இருக்கான்னு?" என்றேன். கையில் ஃபாரத்தை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா அது?

ரோஸி சொன்னார்.

"போன வருஷம் ஒரு மேடம் பேப்பர்ல எழுதிட்டாங்க மேடம். எதிர் வீட்டு செல்வி அக்காவப் பத்தி. ஏழைங்கன்னு உதவி வாங்கறாங்க, வீட்ல பெரிய டிவி வச்சிருக்காங்கன்னு. ஊதாக் கதவு வீடுன்னு அடையாளம் வேற போட்டுட்டாங்க. இந்த லைன்லயே ஊதாக் கதவு அவங்களுது ஒண்ணுதான். சர்ச்சுலருந்து வந்து பாத்தாங்க. டிவி இருந்திச்சு. அவங்க பொண்ணு ஷீலா பேர லிஸ்ட்லருந்து எடுத்துட்டாங்க. அதுலருந்து இங்க யாருமே ரிஸ்க் எடுக்கறதில்ல மேடம்."

அந்த மேடம் நான்தான்.

போன வருடம் இதே மாதிரி ஒரு நாள் இந்த லைனுக்கு வந்தபோது அந்த வீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் புனைபெயரில் எழுதுகிறவள். ரோஸிக்குத் தெரிய வழியில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியும். 'வறுமைக்கே இப்போது முப்பத்திரண்டு இன்ச் ஆகிவிட்டது' - ஞாபகம் இருக்கிறதா? எத்தனை பேர் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சிரித்தீர்கள்! எனக்கே நாலு குரூப்பில் திரும்பி வந்தது. நானும் சிரித்தேன். பெயர் போடவில்லை, ஊர் மட்டும்தானே சொன்னேன், கதவின் நிறம் ஒரு அழகுக்குத்தானே என்று நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோனது ஒரு வருடமாக எனக்குத் தெரியாது.

கூல் டிரிங்க்ஸைக் கீழே வைத்தேன்.

"அவங்க வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். ரோஸி இன்னும் பயந்துபோனார். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, ஃபாரத்தில் 'இல்லை'களை அடித்து 'இருக்கிறது' என்று எழுதி, 'ஸ்பான்சருக்கு ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்துப் போட்டுக் காட்டிய பிறகுதான் எழுந்தார்.

எதிர் வீட்டுக் கதவு ஊதா இல்லை. வேறு பெயிண்ட் அடித்திருந்தார்கள்; அதனால்தான் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஓரத்தில், கீல் பக்கம் மட்டும் பழைய ஊதா கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

உள்ளே போனால் எலக்ட்ரானிக்ஸ் கடை! சுவரோரமாக மூன்று டிவி, ஐந்து டேபிள் ஃபேன், வரிசையாக மிக்ஸிகள், மூலையில் ஒரு ஃப்ரிட்ஜ், கட்டிலுக்கு அடியில் ஒரு கிரைண்டர். அந்த லைனில் லிஸ்டில் இருக்கிற எல்லா வீட்டுச் சாமான்களும் அன்று அங்கேதான்.

"அக்காவுக்கு இனிமே போறதுக்கு ஒண்ணும் இல்ல மேடம். அதான் எல்லாரும் இங்க வச்சுக்கறோம்" என்றார் ரோஸி, சாதாரணமாக.

செல்வி அடுப்படியிலிருந்து வந்தார். அவர் கணவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வணக்கம் சொல்லக் கையைத் தூக்கினார். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"அந்த டிவி எப்படிங்க வந்தது?" என்று கேட்டேன். ஒரு வருடம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"இவரு தகடு அடிக்கற பிரஸ்ஸிங் மெஷின்ல நின்னாரு மேடம். கை மாட்டிக்கிச்சு" என்றார் செல்வி. "ஓனர் ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தாரு. நல்லா பேசுனாரு. அப்புறம் அவரு வீட்டுக்குப் புதுசு வாங்கிகினு பழைய டிவிய இங்க அனுப்பிட்டாரு. 'வீட்ல சும்னேதானே இருப்ப, பாத்துகினு இரு'ன்னாரு. அவ்ளோதான். வேற ஒண்ணும் வரல."

"படம் நல்லாதான் தெரியுது மேடம்" என்றார் அவர் கணவர். ஓனரை விட்டுக்கொடுக்க மனசில்லை போலிருக்கிறது.

இரண்டு விரல்களுக்கு ஒரு டிவி. அதைத்தான் நான் இன்ச் கணக்குப் போட்டு நக்கல் அடித்திருக்கிறேன்.

"ஷீலா எங்க?"

"கார்மென்ட்ஸ்ல பிசிறு நூல் வெட்டப் போறா. பத்தாவது ஃபர்ஸ்ட் கிளாஸ் மேடம். பதினொண்ணுக்கு, பி.யு.சி. காலேஜுல சேக்க முடியல."

சொல்லாமல் வந்திருக்கலாம். ரேச்சல் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவுக்கும் எனக்கும் நாலடி தூரம்தான். நான் பெரிய தைரியசாலி ஒன்றும் இல்லை. ஆனால் எப்படியோ வாயிலிருந்து வந்துவிட்டது. "செல்வி... அதை எழுதினது நான்தான்."

செல்வி என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்க போன வருஷம் இங்க வந்தீங்க இல்ல? தண்ணி கேட்டீங்க. நான் இஞ்சி டீ போட்டுக் குடுத்தேன். நல்லாருக்குன்னு இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சீங்க... அவங்களா?"

"ஆமா."

"டீயப் பத்தி எழுதலையா மேடம்?"

எழுதவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. செல்விதான் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

ஷீலாவை நாங்களே படிக்க வைக்கிறோம் என்றேன். செல்வி தலையாட்டி மறுத்தார்.

"அப்டி வேணாம் மேடம். பொய் சொல்லி உதவி வாங்கனவங்கன்னு பேராயிடுச்சு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல முன்னாடி நின்னு பாட்டு லீட் பண்ணவ, இப்போ கடைசி பெஞ்சுல போயி உக்காந்துக்கறா. பேப்பர்ல வந்துதானே போச்சு? பேப்பர்லயே வரட்டும். மொதல்ல அவ பேரு லிஸ்ட்டுக்குத் திரும்பட்டும். அப்புறம் காலேஜ் பாத்துக்கலாம்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் ரேச்சல் என் ஹேண்ட்பேக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாடம் கற்றுக்கொண்டாளோ என்று பார்த்தேன். கடைசியில் கேட்டாள்: "அம்மா, அவங்க ஃபேன ஒளிச்சு வச்சது தப்புன்னா, நீ செயினைக் கழட்டி பேக்ல ஒளிச்சு வச்சது?"

அன்றைக்கே கமிட்டிச் செயலாளருக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க கட்டுரையாலதான் சிஸ்டர் எங்களுக்கே தெரிஞ்சுது. தேங்க்ஸ்" என்றார். நான் சொன்னதில் அவருக்குப் பிடித்தது அந்த ஒன்றுதான் போலிருக்கிறது. மீதியைக் கமிட்டி கூடும்போது வைத்துப் பேசலாம் என்றார். பி.யு.சி. அப்ளிகேஷனுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன.

அவர் இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர். அதனால் இங்கேயே எழுதுகிறேன். அந்த வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை. டிவியை ஒளிக்கக்கூட இல்லை. நடுக் கூடத்தில் வைத்து, எனக்கு டீயும் கொடுத்தார்கள். பாதியை மட்டும் பார்த்துவிட்டு முழுசாகப் பார்த்ததுபோல் எழுதியது நான். பெயரை அடிக்க வேண்டுமென்றால் என் பெயரை அடியுங்கள், ஐயா. ஷீலாவின் பெயரைத் திரும்ப எழுதுங்கள். அந்த ஃபாரத்தில் இன்னொரு கட்டம் போட்டு, 'இது எப்படி வந்தது என்று கேட்டீர்களா?' என்றும் அச்சடியுங்கள்.

போன வருடம் இந்த வரிகளை ரசித்து ஃபார்வர்டு செய்தவர்களே, இதையும் அதே குரூப்புகளுக்கு அனுப்பிவிடுங்கள்.

அந்தக் கதவுக்கு இப்போது என்ன நிறம் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.