நாற்பதுக்குப் பதினொன்று

தேர்வு முடிவைத் தொழிற்சாலைப் பலகையில் ஒட்டிய காலையில் தனலெட்சுமி அக்கா, எங்கள் தனக்கா, வழக்கம்போல என் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன புஷ்பா போட்டிருக்கு?" என்று கேட்டார். பதினான்கு வருடங்களாக அந்தப் பலகையில் விடுமுறை அறிவிப்போ ஷிப்ட் மாற்றமோ எதை ஒட்டினாலும், நான் எனக்கே படித்துக்கொள்வதுபோல வாய்விட்டுப் படிப்பேன். அவர் கேட்டுக்கொள்வார். எங்கள் இருவரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. அன்று மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

தனலெட்சுமி என்ற பெயருக்கு நேராக நாற்பதுக்குப் பதினொன்று என்று இருந்தது. அடுத்த கட்டத்தில் 'சி'. என் பெயருக்கு நேராக முப்பத்து நான்கு, 'ஏ'.

அவருக்கு எண்கள் தெரியும். எழுத்துகள்தான் நிற்காமல் ஓடிவிடும். தன் பெயரை மட்டும் அதன் உருவத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்வார். தாளில் விரல் வைத்து இறங்கிக்கொண்டே வந்து, அந்த வரியில் நிறுத்தினார். "பதினொண்ணா?" என்றார். எங்கள் பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு யாருடையது என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

கிள்ளான் பக்கம் மேரு என்ற ஊரில் இருக்கும் எங்கள் தொழிற்சாலை பிளாஸ்டிக் மூடிகள் செய்கிறது. ஷாம்பு போத்தல், சோஸ் போத்தல், மருந்து போத்தல் எல்லாவற்றுக்கும் மூடி. பன்னிரண்டு மெஷின்கள். பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, மோல்டு என்ற இரும்பு அச்சுக்குள் அழுத்தி, ஆறியதும் வெளியே தள்ளும். வேலை என்னவோ அவ்வளவுதான். ஆனால் சூடு கொஞ்சம் கூடினாலும் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் மூடி கெட்டுப்போகும். அந்தப் பன்னிரண்டையும் சரியாக ஓடவைத்துக்கொண்டிருந்தவர் தனக்கா. நான் சோதனை மேசையில் உட்கார்ந்து மூடிகளைப் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பவள்.

அவர் அங்கே கூட்டிப் பெருக்கத்தான் வந்தார். இருபத்து மூன்று வருடங்களுக்கு முன், புது மெஷின்களைப் பொருத்த ஒரு ஜப்பான்காரர் வந்திருக்கிறார். அவருக்கு மலாய் தெரியாது, இங்கே யாருக்கும் ஜப்பான் மொழி தெரியாது. மூன்று வாரமும் அந்த மனிதர் வாயைத் திறக்காமல் வேலை செய்திருக்கிறார். துடைப்பத்தோடு பின்னால் நின்ற தனக்கா அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எந்தக் கைப்பிடியைத் திருப்பினால் சத்தம் எப்படி மாறுகிறது, எந்தச் சத்தத்துக்கு அவர் முகம் சுளிக்கிறார், எதற்குத் தலையாட்டுகிறார் என்று எல்லாம் மனத்தில் ஏறிவிட்டது. அவர் ஊருக்குப் போன மறுவாரம் இரண்டாம் மெஷின் மக்கர் செய்தது. சூப்பர்வைசர் கைகளைப் பிசைந்துகொண்டு நிற்க, துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் போய் இவர் சரிசெய்தார். அதிலிருந்து துடைப்பத்தைத் தொடவில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு தடவை சொன்னார். காப்பார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. வாசிப்புப் பாடம் தொடங்கியதும் ஆசிரியர் இவரைப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிடுவாராம். அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. இரண்டாம் வகுப்பில் தொடங்கி ஆறாம் வகுப்பு முடியும்வரை, ஐந்து வருடம், தினமும் தண்ணீர். அப்புறம் இடைநிலைப் பள்ளியில், மலாய் பழக்கும் புகுமுக வகுப்பில் போட்டார்கள். அங்கே ஊற்றுவதற்குச் செடிகூட இல்லை. பாதியில் நின்றுவிட்டார்.

இந்த வருடம் தொடக்கத்தில் புது நிர்வாகம் வந்தது. எல்லாருடைய திறனையும் அளக்க வேண்டும் என்று வெளியிலிருந்து ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். கேண்டீனில் மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு உட்காரவைத்து, மலாயில் அச்சடித்த நாற்பது கேள்வி கொடுத்தார்கள். ஒரு மணி நேரம். தீயணைப்பானைப் பற்றி ஒரு பக்கத்துக்குப் பத்தி, அதிலிருந்து எட்டுக் கேள்வி. ரயில் இத்தனை மணிக்குப் புறப்பட்டால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று சில. மெஷினைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. மூடியைப் பற்றியும் இல்லை. தனக்கா என்னிடமிருந்து ஆறு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார். பத்தே நிமிடத்தில் எல்லா வட்டங்களையும் கறுப்பாக்கிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். மீதி ஐம்பது நிமிடமும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு வந்த மறுநாள் அவரைப் பெட்டி ஒட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். மெஷின்களைப் பார்த்துக்கொள்ள குரு என்ற டிப்ளோமா படித்த பையனைப் போட்டார்கள். அவனுக்கும் மேலே லைன் லீடராக என்னை வைத்தார்கள். ஒரு மெஷினைக்கூட நிறுத்தித் திருப்பி ஓடவிடத் தெரியாத என்னை. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் வாரமே ஏழாம் மெஷினில் பத்து மூடிக்கு ஒன்று குறையாக வர ஆரம்பித்தது. ஓரம் நிரம்பாமல், எலி கடித்ததுபோல. குரு சூட்டைக் கூட்டினான், குறைத்தான், அழுத்தத்தை மாற்றினான், கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். கெட்ட மூடி தொட்டி தொட்டியாகச் சேர்ந்தது. அவன் நல்ல பையன். வெட்கப்படாமல் பெட்டி ஒட்டும் இடத்துக்குப் போய், "அக்கா, கொஞ்சம் வந்து பாருங்கக்கா" என்று கேட்டான். நானும் பின்னாலேயே போயிருந்தேன்.

தனக்கா டேப்பை இழுத்து ஒட்டிக்கொண்டே இருந்தார். "நான் சி, தம்பி," என்றார். "ஏ அங்க நிக்கிறாங்க. அவங்கள கேளுங்க."

என்னைத்தான் சொன்னார். எனக்குக் கோபமாக வந்தது. நானா தேர்வு வைத்தேன், நானா திருத்தினேன் என்று மனத்துக்குள் சண்டை போட்டேன். வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போதுதான் அந்தக் கோபம் என்மேல்தான் போக வேண்டியது என்று எனக்கு உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் கேட்கவில்லை. அவருடைய மகள் வாணி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். அம்மாவுக்குச் சரியாகப் படிக்க வராது என்பதே, தேர்வைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக் கடிதங்கள் வந்தபோதெல்லாம் அம்மா, "கண்ணாடி எங்கயோ வச்சிட்டேன், நீயே படி" என்று சொன்னதை அவள் உண்மை என்றே நம்பியிருக்கிறாள். கல்லூரிப் பாடத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். எழுத்து இடம் மாறுதா? வரி தாவுதா? கேட்டதெல்லாம் ஞாபகம் இருக்கு, பார்த்து எழுதச் சொன்னா மட்டும் வரலையா? தனக்கா எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். வாணி அழுகிற குரலில், "அம்மா, நானே முடிவு சொல்ல முடியாது, டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும். ஆனா இதுக்குப் பேரு டிஸ்லெக்சியா. இது முட்டாள்தனம் இல்லம்மா" என்றாள்.

அவர் நிம்மதி அடைவார் என்று நாங்கள் இருவருமே நினைத்தோம்.

"இதுக்குப் பேரு எப்ப வச்சாங்க?" என்று கேட்டார்.

"நூறு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா."

"அப்ப நான் பொறக்கறதுக்கு முன்னாடியே தெரியும்." எழுந்து நின்றார். "தெரிஞ்சேதான் என்னைத் தண்ணி ஊத்த அனுப்பினாங்க."

எல்லா ஆசிரியருக்கும் அப்போது தெரிந்திருக்காது என்று வாணி சொல்லப் பார்த்தாள். யாருக்கோ தெரிந்திருக்கிறது, அது ஏன் எங்கள் தோட்டம்வரை வரவில்லை என்று அவர் திருப்பிக் கேட்டார். தனக்கா பின்பக்கம் போய்ப் பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தார். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்கள் அவை. ஒவ்வொன்றையும் வைத்த சத்தம் முன் அறைவரை கேட்டது.

திங்கட்கிழமை நாங்கள் இருவரும் ஆபிசுக்குப் போனோம். ஆள் நிர்வாகம் பார்ப்பவர் சந்திரகலா. நம் ஆள்தான், நன்றாகத் தமிழ் பேசுவார். கேள்விகளை யாராவது வாசித்துக் காட்டினால் தனக்கா வாயால் பதில் சொல்லட்டும், அதே கேள்விகள் போதும், நானே வாசிக்கிறேன் என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது முடியாது என்றார். எல்லாருக்கும் ஒரே தாள், ஒரே நேரம், அதுதான் நியாயம். ஒருத்தருக்கு மட்டும் மாற்றினால் நாளைக்கு இன்னொருத்தர் கேட்பார். மேலும் மதிப்பெண்கள் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டன, சிஸ்டத்தை மூடியாகிவிட்டது.

"எல்லாருக்கும் ஒண்ணுதான் நியாயம்னா," என்றார் தனக்கா, "சேஃப்டி பூட் குடுக்கும்போது மட்டும் ஏன் மேடம் சைஸ் கேக்கறீங்க?"

சந்திரகலா கோபப்பட வேண்டாம் என்றார். பெட்டி ஒட்டுவதும் மதிப்பான வேலைதான் என்றார். அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். தனக்கா எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதச் சொன்னார். மலாயில் எழுதுகிறேன் என்றேன். வேண்டாம், தமிழில் எழுது, நான் சொல்றத அப்படியே எழுது, என் பேச்சு மாறக்கூடாது என்றார். கேண்டீனில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு முறை அடித்துத் திருத்தச் சொன்னார். மூன்று மணிக்குப் போய்ச் சந்திரகலாவின் மேசையில் வைத்தார்.

சந்திரகலா தாளை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "நான் தமிழ்ப்பள்ளிக்குப் போகல. எனக்குப் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க லா" என்றார்.

தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே அப்போது புரிந்துவிட்டது. முகம் சிவந்துபோனது.

"படிச்சுக் காட்டு புஷ்பா," என்றார் தனக்கா. குரலை உயர்த்தவே இல்லை. "நம்மகிட்ட கேட்டா நாம படிச்சுக் காட்டுவோம்."

நான் படித்தேன். 'இருபத்து மூன்று வருடம் உங்கள் மெஷின்கள் பேசியதை நான் கேட்டேன். நான் பேசியதை நீங்கள் கேட்கவில்லை. ஏழாம் மெஷினில் பிளாஸ்டிக்கைத் தள்ளும் திருகுக்கு முன்னால் இருக்கும் வளையம் தேய்ந்துவிட்டது. தள்ளி முடிக்கும்போது மெஷின் இருமுகிறது. தேர்வு நடப்பதற்கு முந்தைய வாரமே சூப்பர்வைசரிடம் சொன்னேன். அதை மாற்றுங்கள். நான் போகிறேன்.' நடுவில் தனக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார், அழாமல் படி என்கிற மாதிரி. முடித்தேன். சந்திரகலா தாளை வாங்கி, மடிக்காமல் அப்படியே கோப்பில் வைத்தார்.

குரு அன்று மாலையே ஏழாம் மெஷினைப் பிரித்தான். வளையம் தேய்ந்து ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது.

ஒரு மாத முன்னறிவிப்புக் காலம் முடிந்ததும் சுங்கை பூலோவில் ஒரு சின்னப் பட்டறைக்கு வேலை கேட்டு நான்தான் அவரைக் காரில் கூட்டிப் போனேன். நடத்துபவர் பெயர் மூசா. நான்கு பழைய மெஷின்கள் வைத்திருந்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. ஒரு கூடையிலிருந்து ஏழெட்டு மூடிகளை எடுத்து மேசையில் பரப்பி, "இதுக்கெல்லாம் என்ன வியாதி, சொல்லுங்கக்கா" என்றார்.

தனக்கா ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவினார். இதில் மோல்டு சரியாக மூடவில்லை, ஓரத்தில் பிசிறு. இது ஆறுவதற்குள் தள்ளிவிட்டீர்கள், வளைந்திருக்கிறது. இங்கே கருகல், காற்று வெளியேறும் வழி அடைத்திருக்கிறது. இந்த வெள்ளிக் கோடு மணி காயாததால் வந்தது. ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "இது நல்ல மூடி பாஸ். என்னை ஆழம் பார்க்க வச்சிருக்கீங்க" என்றார். மூசா சிரித்துவிட்டார்.

வேலைக் கடிதத்தை நீட்டியபோது தனக்கா கையெழுத்துப் போடவில்லை. எனக்குப் படிக்க வராது, வாசித்துச் சொல்லுங்கள் என்று நேராகச் சொன்னார். ஒரு வேற்று ஆளிடம் அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மூசா சரி என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மலாயில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் டீ வந்தது, குடிக்கச் சொல்லிவிட்டு மீதியையும் வாசித்தார்.

திரும்பி வரும்போது அவர் சந்தோஷமாக இருப்பார் என்று பேச்சுக் கொடுத்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார்.

"ரெண்டு நிமிஷம் புஷ்பா," என்றார். "வாசிச்சுக் காட்ட அவ்வளவுதான் ஆச்சு. நாப்பது வருஷமா ஒருத்தனுக்கும் அந்த ரெண்டு நிமிஷம் கிடைக்கல."

இப்போது மூன்று மாதம் ஆகிறது. அவர் வந்த பிறகு நான்கு மெஷின்களும் ஒழுங்காக ஓடுகின்றன என்று மூசா சொல்கிறார். முறையாகப் பரிசோதித்துக்கொள்ளலாம், பெரியவர்களுக்கென்று வாசிப்பு வகுப்பும் இருக்கிறது என்று வாணி சொல்லிப் பார்த்தாள். தோன்றினால் போகிறேன், யாருக்கும் நிரூபிப்பதற்காகப் போகமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

போன வாரம் நான் சந்திரகலாவிடம் போய், என்னைத் திரும்பவும் சோதனை மேசைக்கே அனுப்பிவிடுங்கள், மெஷின்களைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியாது என்றேன். அவர் கணினியில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, 'ஏ' வாங்கியவர்களைக் கீழே இறக்க சிஸ்டத்தில் வழி இல்லை என்றார்.